லேபில் ஓடிய சி புரோகிராம் லுபுண்டுவில் ஓட மறுக்கிறது, எங்கே தப்பு?

ஓடைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ கம்ப்யூட்டர் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். மாமா கொடுத்த பழைய லேப்டாப், 4 ஜிபி ராம். விண்டோஸ் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அதனால் சீனியர் அண்ணன் ஒருவர் லுபுண்டு 24.04 என்ற இலகுவான லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்று நாளாக ஒரு சி புரோகிராமைக்கூட உருப்படியாக ஓட்ட முடியவில்லை.

காலேஜ் லேபில் டர்போ சி. அங்கே எழுதி, விடை சரியாக வந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிய புரோகிராம்களைத்தான் பென்டிரைவில் கொண்டு வந்தேன். முதலில் ஜிசிசி என்ற சி கம்பைலரே இல்லை என்றது, தேடிப் பார்த்து பில்ட்-எசென்ஷியல் இன்ஸ்டால் செய்தேன். அப்புறம் கோனியோ.ஹெச் என்று ஒரு ஃபைலே கிடையாது என்றது. அந்த வரியையும், கிளியர்ஸ்கிரீன், கெட்ச் இரண்டையும் எடுத்த பிறகு கம்பைல் ஆனது. ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்'. ஓட்டும் அனுமதி தரும் சிஹெச்மோட் கட்டளை கொடுத்துப் பார்த்தேன், அட்மின் அதிகாரத்தில் ஓட்டும் சூடோ போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை.

சரி என்று சூடோ போட்டே ஹோமில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, எல்லாவற்றையும் அங்கே காப்பி செய்தேன். 'டெஸ்ட்' என்ற பெயரில் கம்பைல் செய்து, டெஸ்ட் என்று தட்டி என்டர் அடித்தால் ஒன்றுமே வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை, விடையும் இல்லை, அடுத்த வரிக்குப் போய் நிற்கிறது.

எல்லாவற்றையும் விட என்னைப் பாடாய்ப் படுத்துவது இன்னொன்று. பெயரைக் கேட்டு வாங்கி, வணக்கம் சொல்லும் சின்ன புரோகிராம். கேரக்டர் பாயின்டர் ஒன்றை அறிவித்து, ஸ்கேன்எஃப்பில் பெயரை வாங்கி, பிரின்ட்எஃப்பில் காட்டுகிறேன், அவ்வளவுதான். இங்கே பெயரைத் தட்டி என்டர் அடித்த உடனே 'செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்ட்' என்று செத்துப்போகிறது. லேபில் இதே புரோகிராம் பத்துத் தடவை ஓடியது. அப்படியானால் தப்பு லினக்ஸிலா, லேப்டாப்பிலா? அடுத்த வாரம் மாடல் பிராக்டிகல் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலிக்காத்தான்

முதலில் பென்டிரைவ். கடைகளில் கிடைக்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 ஃபார்மேட்டில்தான் இருக்கும். 'இந்த ஃபைலை ஓட்டலாம்' என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் குறித்து வைக்க அந்த ஃபார்மேட்டில் இடமே கிடையாது. அதனால் பென்டிரைவைச் செருகியதும் உபுண்டு வகை சிஸ்டங்கள் பொதுவாக ஒரு விதியை வைத்துக்கொள்கின்றன: பெயரின் கடைசியில் .எக்ஸ்இ, .காம், .பேட் என்று இருந்தால் ஓட்டலாம், மற்றதை ஓட்டக் கூடாது. நீங்கள் சிஹெச்மோட் கொடுத்தாலும் அதை எழுதி வைக்க அங்கே இடமில்லை. சூடோவும் கை கொடுக்காது, ஏனென்றால் ஓட்டும் அனுமதி ஒருவருக்குமே இல்லாத ஃபைலை ரூட் என்ற அட்மின் யூசராலும் ஓட்ட முடியாது. ஹோமுக்குக் காப்பி செய்தது சரியான வேலைதான்.

ஆனால் அதற்கு சூடோ போட்டிருக்கக் கூடாது. இப்போது அந்த ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம், உங்களுக்கு இல்லை. இனி அதற்குள் சூடோ இல்லாமல் ஒரு புது ஃபைல்கூட உண்டாக்க முடியாது, அதனால் எல்லாவற்றுக்கும் சூடோ போடத் தொடங்குவீர்கள், பிறகு ஒரு நாள் தெரியாமல் வேறு எதையாவது அழித்துவிடுவீர்கள். சூடோவோடு சிஹெச்ஓன் கட்டளையை ஆர் (பெரிய எழுத்து) ஆப்ஷனுடன் கொடுத்து, உங்கள் யூசர் பெயரையும் ஃபோல்டர் பெயரையும் சொல்லி, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது சூடோ வேண்டும். உங்கள் சொந்த புரோகிராமை எழுதவோ கம்பைல் செய்யவோ ஓட்டவோ வேண்டவே வேண்டாம்.

அடுத்தது டெஸ்ட். அது ஓடாமல் இல்லை, ஓடியது வேறு டெஸ்ட். நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குள்ளேயே டெஸ்ட் என்று ஒரு கட்டளை பல வருஷமாக இருக்கிறது, ஷெல் ஸ்கிரிப்ட்களில் நிபந்தனை சரிபார்க்க அதைத்தான் பயன்படுத்துவார்கள். சும்மா அதன் பெயரை மட்டும் தட்டினால் 'பொய்' என்ற மதிப்பை உள்ளுக்குள் திருப்பிவிட்டு ஒன்றும் எழுதாமல் முடிந்துவிடும். டைப் -ஏ டெஸ்ட் என்று தட்டிப் பாருங்கள், அந்தப் பெயரில் எத்தனை இருக்கின்றன என்று அதுவே காட்டும்.

உங்கள் புரோகிராமை ஓட்ட, பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் (./) போட வேண்டும். 'இந்த ஃபோல்டரில் இருப்பது' என்று அதற்கு அர்த்தம். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட் தானாகவே நிற்கும் ஃபோல்டரில் தேடும், லினக்ஸ் தேடாது. காரணம் பாதுகாப்பு. பலர் பயன்படுத்தும் ஒரு மெஷினில் யாரோ ஒருவர் எல்எஸ் என்ற பெயரில் கெட்ட புரோகிராம் ஒன்றைத் தன் ஃபோல்டரில் போட்டு வைத்தால், நீங்கள் அங்கே போய் எல்எஸ் தட்டியதும் அதுதான் ஓடும். அது நடக்காமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்கு அந்த மூன்று வரியை அப்படியே போடுங்கள். பார்க்காமல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மணிமுத்தாறு

புரோகிராம் வரிகள் வருவதற்கு முன்பே இதற்கு எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியிலேயே விடை இருக்கிறது: "கேரக்டர் பாயின்டர் ஒன்றை அறிவித்து, ஸ்கேன்எஃப்பில் பெயரை வாங்கி". நடுவில் ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. அந்த பாயின்டர் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை.

பாயின்டர் என்பது ஒரு வீட்டு விலாசம் எழுதும் சீட்டு மாதிரி. சீட்டு வாங்கினால் வீடு வந்துவிடாது. நீங்கள் விலாசம் எழுதாத சீட்டில் ஏற்கெனவே ஏதோ கிறுக்கியிருக்கிறது, ஸ்கேன்எஃப் அந்தக் கிறுக்கலையே விலாசமாக நம்பிப் பெயரைக் கொண்டுபோய் அங்கே போடப் பார்க்கிறது.

சரி, லேபில் எப்படி ஓடியது? டர்போ சி 16 பிட் டாஸ் காலத்து கம்பைலர். டாஸில் மெமரிக்குக் காவல் கிடையாது. ஒரு புரோகிராம் எந்த விலாசத்தில் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். உங்கள் பெயர் எங்கேயோ ஓர் இடத்தில் எழுதப்பட்டது, பிரின்ட்எஃப் அதே இடத்திலிருந்து எடுத்துக் காட்டியது, திரையில் சரியாகத் தெரிந்தது. அந்த இடத்தில் அதற்கு முன் என்ன இருந்தது, எதை அழித்துவிட்டு உங்கள் பெயர் உட்கார்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. அது முக்கியமான இடமாக இருந்தால் மெஷினே உறைந்து போயிருக்கும். சில சமயம் புரோகிராம் முடியும்போது 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி வரும், லேபில் பார்த்திருக்கலாம். டர்போ சி தன்னால் முடிந்த அளவில் இதைத்தான் சொல்லப் பார்த்தது.

லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி மெமரி. உனக்குக் கொடுக்காத விலாசத்தில் கை வைத்தால் பிராசஸர் அந்த இடத்திலேயே நிறுத்தி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிடம் சொல்லும், கர்னல் புரோகிராமைக் கொன்றுவிடும். அதற்குப் பெயர்தான் செக்மென்டேஷன் ஃபால்ட். ஆக லினக்ஸிலும் தப்பில்லை, லேப்டாப்பிலும் தப்பில்லை. லேபிலும் இதே தப்பு இருந்தது, வெளியே தெரியவில்லை.

திருத்தம் சுலபம். பாயின்டருக்குப் பதில் 50 இடமுள்ள கேரக்டர் அரே ஒன்றை அறிவியுங்கள். ஸ்கேன்எஃப்பில் %எஸ் என்று மட்டும் விடாமல், நடுவில் 49 என்று எண் போடுங்கள், கடைசி இடம் முடிவுக்குறிக்கு. யாராவது நீளமாகத் தட்டினாலும் வெளியே வழியாது.

இதை விட முக்கியமாக நான் சொல்ல வந்தது, இனி ஜிசிசியை வெறுமனே கூப்பிடாதீர்கள். எப்போதும் -வால் (டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து), -ஜி இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். -வால் போட்டிருந்தால், 'இந்த வேரியபிளுக்கு மதிப்பே வைக்காமல் பயன்படுத்துகிறாய்' என்று கம்பைல் செய்யும்போதே வரி எண்ணோடு எச்சரித்திருக்கும், மூன்று நாள் போயிருக்காது. -ஜி எதற்கு என்றால், ஜிடிபி என்ற டீபக்கருக்கு (பிழை தேடும் கருவி). ஜிடிபி இல்லையென்றால் ஆப்ட் (சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும் கட்டளை) மூலம் போட்டுக்கொள்ளுங்கள். ஜிடிபிக்குள் புரோகிராமைத் திறந்து ரன் என்று கொடுங்கள், செத்ததும் பிடி (bt) என்ற கட்டளையைக் கொடுங்கள். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று ஒரு பட்டியல் வரும். மேலே சில வரிகள் லைப்ரரியின் உள்விவகாரம், பயமுறுத்தும், அதை விடுங்கள். கீழே இறங்கி உங்கள் ஃபைல் பெயர் எங்கே முதலில் வருகிறதோ, அந்த வரி எண்தான் வேண்டியது.

இன்னொன்று, பத்துப் பிழை வந்தால் முதல் பிழையை மட்டும் படியுங்கள். திருத்துங்கள். மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஒரு செமிகோலன் விட்டதற்கு ஏழெட்டு வரி புலம்பும், முதலாவது சரியானால் மற்றவை பல சமயம் தானே போய்விடும்.

தறிச்சத்தம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அடுத்த வாரம் பிராக்டிகல், அங்கே டர்போ சிதான் திறக்கப் போகிறார்கள். டாஸ்பாக்ஸ் என்று ஒரு எமுலேட்டர் (பழைய டாஸ் மெஷின் போல நடிக்கும் சாஃப்ட்வேர்) இருக்கிறது, ஆப்டிலேயே கிடைக்கும். அதற்குள் டர்போ சியை ஓட்டி, பரீட்சைக்குத் தேவையான கோனியோ, கிளியர்ஸ்கிரீன் பழக்கத்தை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கற்பது ஜிசிசியில், பரீட்சை அவர்கள் கேட்பதில். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓடைக்கரை

மணிமுத்தாறு அக்கா, வேலிக்காத்தான் அண்ணா, மிக்க நன்றி. ஃபோல்டரை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். ./ போட்டதும் டெஸ்ட் ஓடியது. பெயர் புரோகிராமும் ஓடிவிட்டது. பழைய புரோகிராமை -வால் போட்டு ஒரு தடவை கம்பைல் செய்து பார்த்தேன், அக்கா சொன்ன அதே எச்சரிக்கை, அதே வரி.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, வர்க்கமூலம். நேற்று எஸ்க்யூஆர்டிக்குள் 16 என்று நேராகப் போட்டேன், 4 வந்தது. இன்று எண்ணை யூசரிடம் வாங்கும்படி மாற்றினேன், 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்கிறது. மேத்.ஹெச் வரி இருக்கிறது, ஒன்றையும் எடுக்கவில்லை.

இரண்டாவது, ஃபேக்டோரியல். 8 கொடுத்தால் இங்கே 40320 வருகிறது. என் ரெக்கார்டில் -25216 என்று இருக்கிறது, அதற்குக் கையெழுத்தும் இருக்கிறது. அப்போது நானும் கவனிக்கவில்லை.

மணிமுத்தாறு

மேத்.ஹெச் என்பது 'இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது' என்ற அறிவிப்பு மட்டும். ஃபங்ஷன் இருப்பது தனியாக ஒரு கணித லைப்ரரியில். அதைச் சேர்க்கச் சொல்லி கட்டளையின் கடைசியில் -எல்எம் போட வேண்டும். கடைசியில்தான். உபுண்டுவில் லிங்கர் (புரோகிராமையும் லைப்ரரியையும் இணைப்பது) இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும், அந்த நேரம் வரை யாரும் கேட்காத லைப்ரரியை விட்டுவிடும், அதனால் உங்கள் ஃபைல் பெயருக்கு முன்னால் போட்டால் அதே பிழை திரும்ப வரும். 2021இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34இல் த்ரெட் லைப்ரரி போன்ற சிலவற்றை முக்கிய லைப்ரரியோடு இணைத்துவிட்டார்கள், கணிதம் மட்டும் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

நேற்று எப்படி ஓடியது என்றால், 16 என்று எழுதியே வைத்துவிட்டதால் ஜிசிசி கம்பைல் செய்யும்போதே 4 என்று கணக்குப் போட்டு எழுதிவிட்டது. லைப்ரரியைக் கூப்பிடவே இல்லை. இன்று எண் என்னவென்று அதற்கு முன்கூட்டித் தெரியாது, கூப்பிட்டே ஆக வேண்டும்.

ஃபேக்டோரியலில் 40320தான் சரி. டர்போ சியில் இன்ட் என்ற முழு எண் வகை இரண்டு பைட், 32767க்கு மேல் கொள்ளாது. 40320இலிருந்து 65536ஐக் கழித்துப் பாருங்கள், ரெக்கார்டில் உள்ள எண் அப்படியே வரும். ஜிசிசியில் இன்ட் நான்கு பைட். இங்கேயும் எல்லை உண்டு, 12 வரை சரியாக வரும், 13 கொடுத்தால் தப்பான எண் வரும். லாங் லாங் என்ற பெரிய வகையை எடுத்துக்கொண்டால் 20 வரை போகலாம்.

ஓடைக்கரை

-எல்எம் கடைசியில் போட்டேன், ஓடியது. முன்னால் போட்டும் பார்த்தேன், அதே பிழைதான். 13 ஃபேக்டோரியல் 1932053504 என்று வந்தது.

இன்று லேபில் டர்போ சியில் இன்டை லாங் ஆக்கி, பிரின்ட்எஃப்பில் %எல்டி போட்டேன். 8க்கு 40320 வந்தது. மேடத்திடம் பழைய பக்கத்தைக் காட்டி, 65536 கழித்த கணக்கையும் எழுதிக் காட்டினேன். அந்தப் பக்கத்தை மறுபடி எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறார்.