வேற்று மொழி, வேற்றுப் பண்பாடு தேடிப் போன இடத்தில் நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

பழையபேட்டைக்காரன்

பிராகூயி பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் வேண்டாம். பலுச்சிஸ்தானத்தில் புழங்கும் நம் திராவிடக் குடும்பத்து மொழி. டெனிஸ் பிரே அதைப் பற்றி எழுதிய நூலின் முதல் பாகம், 1909இல் வந்த இலக்கணம், இணையத்தில் சிரமமில்லாமல் கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியது 1934இல் டெல்லியில் அச்சான மறுபாதி. சொற்பிறப்பு அகராதி அதில்தான் இருக்கிறது. திராவிட மொழிகளுக்கான பர்ரோ-எமனோ சொற்பிறப்பு அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிராகூயிச் சொல் ஒரு வரியில் வந்து போய்விடும், பேச்சில் எப்படிப் புழங்கியது என்று பார்க்க பிரேயிடம்தான் போக வேண்டும்.

சென்னையில் ஒரு பழைய நூலகம், பெயர் வேண்டாம். கணினியில் தேடினால் இல்லை. அட்டைப் பெட்டியில் இருந்தது, அதுவும் பாரசீக மொழி அட்டைகளுக்கு நடுவில். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். நாடா போட்டுக் கட்டிய புத்தகம் வந்தது. முதல் சில பாரங்கள் (ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கங்கள்) சரி, அப்புறம் பக்கம் திரும்பவே இல்லை. அச்சகத்தில் மடித்த மடிப்பு வெட்டாமல் அப்படியே இருக்கிறது! இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதற்குள் போகவில்லை.

பணியாளர் அம்மா என் முகத்தைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். "எந்தப் பக்கம் வேணும் சார்?" என்று கேட்டு, அந்த ஒரு பாரத்தின் மடிப்பை மட்டும் சர்ரென்று கிழித்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு வேண்டியது கிடைத்தது. ஆனால் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

காகிதப்பூச்சி

ஸ்கேலா! அந்தக் காலத்துக் காகிதம் தொட்டாலே நொறுங்கும் ஐயா. மழுங்கிய எலும்புக் கத்தியோ மரக் கத்தியோ வைத்து, மடிப்பை மெதுவாக நெருடி எடுக்க வேண்டும். அதையும் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். நீங்கள் தடுத்திருக்கலாம்.

சரி, என் கதை சின்னது. ஜப்பானின் ஐனு மொழிக் கதைகளின் ஒலித்தொகுப்பை அந்நாட்டு தேசிய மொழி ஆய்வு நிறுவனத் தளத்தில் கேட்டேன். இலவசம். ஒரு சொல்கூடப் புரியவில்லை. வரிக்கு வரி ஆங்கிலப் பொருள் கொடுத்திருப்பதால் கதை முழுவதும் கேட்டு முடித்தேன். அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் தேடிய விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டிக்குப் போகும் முன் குளோட்டோலாக் என்ற உலக மொழிகளின் இணையப் பட்டியலைப் பார்த்தீர்களா? எந்த மொழிக்கும் நான்கு எழுத்து, நான்கு எண் கொண்ட ஒரு குறி இருக்கும். மொழியின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறவர்களிடமிருந்து அது நம்மைக் காப்பாற்றும். அந்த மொழி பற்றிய நூல் பட்டியலும் அங்கேயே உண்டு. எது இலக்கணம், எது அகராதி, எது வெறும் சொற்பட்டியல் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அதே மாதிரி இன்னொரு மொழிப் பட்டியலான எத்னோலாக் இப்போது பெரும்பாலும் சந்தாதாரருக்குத்தான், அதை நம்பி உட்காராதீர்கள். மொழிகளின் அமைப்பை வரைபடமாகப் பார்க்க வேண்டுமானால் வால்ஸ் தளம் இலவசம்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் இந்திய டிஜிட்டல் நூலகத்தின் ஸ்கேன்கள் குவிந்து கிடக்கின்றன. தலைப்புகளை ஏற்றியவர்கள் எழுத்துப்பிழையோடு ஏற்றியிருப்பார்கள். தலைப்பை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரின் ஒரு துண்டையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். ஹாத்தி டிரஸ்ட் என்ற டிஜிட்டல் நூலகத்தில் புத்தகம் திறக்காவிட்டாலும் உள்ளே ஒரு சொல்லைத் தேடி, அது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பக்க எண்ணோடு நூலகத்துக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. பொருளுக்கு ஓர் எண் கொடுக்கும் டியூயி முறையில் அடுக்கிய நூலகமானால் 494.8 அடுக்குக்கு நேரே போய் நின்றுவிடுங்கள், திராவிட மொழிகள் அங்கேதான்.

தூசித்தட்டு

காகிதப்பூச்சி அண்ணே, பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிப் போட்டிருந்தால் பழையபேட்டைக்காரர் இன்றைக்கும் காத்துக்கொண்டிருப்பார். புத்தகம் வாசிக்கத்தானே? அந்த அம்மா செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஈப்போ வள்ளி

எங்கள் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கும் அக்கா தெமியார் இனத்தவர். மலேசியாவில் பேராக், கிளந்தான் காட்டுப்பக்கத்து ஒராங் அஸ்லி (பழங்குடி) மக்கள். தங்கள் பாட்டு எங்காவது கிடைக்குமா என்று கேட்டார். முதலில் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஆவணக் களஞ்சியத்துக்குப் போனேன். ஆஸ்திரோ-ஆசிய மொழிகளுக்கென்றே வைத்திருக்கிறார்கள், தெமியாரும் அந்தக் குடும்பம்தான். எல்லாம் எல்லோருக்கும் திறக்காது, சிலவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டும். அதற்குள் வேறொன்று சிக்கியது. மரீனா ரோஸ்மன் பதிவு செய்து ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் இசை வெளியீட்டகம் 1995இல் வெளியிட்ட தெமியார் பாடல்கள். பாட்டுக்குக் காசு, கூட வரும் குறிப்பேடு மட்டும் சும்மாவே இறங்கும்.

கேன்டீனில் ஆளுக்கொரு காதில் இயர்போன். பாடுகிறவரை அக்கா கவனிக்கவே இல்லை. பின்னால் மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்துத் தாளம் போடுகிறார்கள் பாருங்கள், அது பெண்கள் வேலை. அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "இது யார் இடிக்கிறது?" என்றார். திரும்ப வைக்கச் சொல்லி மறுபடியும் அதே கேள்வி. நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிறேன். அப்புறம் டியூட்டி மணி ஆகிவிட்டது.

காகிதப்பூச்சி

வள்ளி, அருகிவரும் மொழிகளின் ஆவணக்காப்பகத்தையும் பாருங்கள். லண்டனில் சோவாஸ் கல்வி நிறுவனத்தில் இருந்தது 2021இல் பெர்லினுக்குப் போய்விட்டது. பழைய கட்டுரைகளில் இருக்கும் இணைப்பு வேலை செய்யாது, புது முகவரியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தூசித்தட்டு தம்பிக்கு: வாசிக்கத்தான் புத்தகம், அடுத்தவரும் வாசிக்க வேண்டுமே!

குன்னூர் ரயில்

வெட்டுவதா வேண்டாமா என்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் நீலகிரித் தோடர்களைப் பற்றி எழுதிய நூல் இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. அதில் குடும்ப வம்சாவளி அட்டவணைகள் உண்டு. மந்துக்கு மந்து (மந்து என்றால் தோடர் குடியிருப்பு), யாருக்கு யார் பிள்ளை என்று. அதைப் போனில் இறக்கி வைத்திருந்தேன். ஊட்டியில் டீக்கடையில் எனக்குப் பழக்கமான ஒரு தோடப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கினார். தன் மந்து வந்ததும் நிறுத்திவிட்டார். உதடு அசையவில்லை. போனை எனக்குத் திருப்பித் தரவும் இல்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் வேறு மந்துக்காரர். அவரிடம் நீட்டி, "நீ படி" என்று கை காட்டினார். அவர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, இவர் தலையை மட்டும் ஆட்டினார். ஓரிடத்தில் ஆட்டவில்லை. அங்கே வரிசை தப்பாம். மற்றவர் வேறொரு பெயரைச் சொன்னார். அதற்கு ஆட்டினார்.

இறந்துபோன முன்னோரின் பெயரைத் தோடர்கள் தங்கள் வாயால் சொல்வதில்லை. அதனால் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வேறு ஆட்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்று ரிவர்ஸே எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, டீக்கடையில் என் கண்ணெதிரே அதே முறை. புத்தகத்தில் வாசித்தபோது எனக்கு அது ஒரு தகவலாகத்தான் இருந்தது. அந்த அகராதிக்கார எமனோ 1930களில் இங்கே தங்கிச் சேகரித்த தோடர் பாடல் தொகுப்பும் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

தூசித்தட்டு

அந்த அட்டவணைப் பக்கத்தை இங்கே ஒரு படமாகப் போடுங்களேன் அண்ணா. எந்த இடம் தப்பு என்று குறித்துப் போட்டால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவுமே.

குன்னூர் ரயில்

போட மாட்டேன் தம்பி. புத்தகம் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள். திருத்தம் அவருடையது. அவர் சம்மதிக்காமல் வெளியே சொல்வதற்கில்லை.