24 வோல்ட் லொறி: ரெண்டு பெட்டரியில ஒன்னு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப சாகுது?

கொழுந்து லொறி (தலவாக்கலை):
பழைய கேன்டர், 24 வோல்ட். 12 வோல்ட் 70 ஏ.எச். (ஆம்பியர் மணித்தியாலம்) பெட்டரி ரெண்டு. 14 மாசத்துல ஒரே பக்கத்துப் பெட்டரிய மூனு தடவ மாத்தியாச்சு. சனிக்கிழமை பின்னேரம் நிப்பாட்டினா, திங்கக்கிழமை வெள்ளன செல்ப் "டக்"குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பள்ளத்துல உருட்டித்தான் ஸ்டார்ட் எடுக்குறோம். ஓடும்போது சார்ஜ் லைட் எரியிறதில்ல. மத்த பெட்டரி நல்லாத்தான் இருக்கு, ஆனா கிழமைக்கு ஒருக்கா தண்ணி ஊத்த வேண்டியிருக்கு. பெட்டரிக்கு சார்ஜ் குடுக்குற ஒல்டனேட்டர மாத்தச் சொல்றாங்க. மாத்தவா?

ஒட்டோ எலக்ட்ரிக் (ஹட்டன்):
இப்ப சல்லிய செலவழிக்காதீங்க. ஒன்னு சாகுது, மத்ததுல தண்ணி வத்துது. இந்த ரெண்டும் சேந்து வந்தா முதல்ல ரேடியோ செட்டோட வயர பாக்கணும். ரெண்டு பெட்டரியையும் சேக்குற நடு வயர்ல இருந்து 12 வோல்ட் எடுத்திருக்கா?

மீட்டர் இருந்தா மூனு அளவு எடுத்துப் போடுங்க. ஒன்னு, இராத்திரி முழுக்க நின்ன பிறகு, சாவி போடுறதுக்கு முன்ன, ஒவ்வொரு பெட்டரியும் தனித்தனியா. நல்லதுன்னா 12.6க்கு மேல காட்டும், 12.2ன்னா பாதிதான் இருக்கு. ரெண்டாவது, இன்ஜின ஓடவிட்டு, ரேஸக் கொஞ்சம் ஏத்தி வச்சு, மொத்தமாவும் தனித்தனியாவும். மொத்தம் 27.6க்கும் 28.8க்கும் நடுவுல இருக்கணும். மூனாவது, அந்த 12 வோல்ட் வயரக் கழட்டி, நடுவுல மீட்டர 10 ஆம்பியர்ல வச்சு, எல்லாம் ஒஃப்ல இருக்கும்போது எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. சிவப்பு வயர மீட்டர்ல 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்த மறந்துடாதீங்க. மீட்டர் அப்படி இருக்கும்போது செட்டையும் போட்டுடாதீங்க, ஃபியூஸ் போயிடும்.

கொழுந்து லொறி (தலவாக்கலை):
சரியாச் சொன்னீங்க அண்ணே. செட்டு, எம்ப்ளிஃபயர், ஃபோன் சார்ஜர் மூனும் நடு வயர்லதான். காலையில 12.7, சாகுறது 11.8. ஓடும்போது மொத்தம் 28.2. ஆனா தனித்தனியாப் பாத்தா 15.1, 13.1! எல்லாம் ஒஃப், சாவி கையில, அப்பவும் 0.4 ஆம்பியர் இழுக்குது. ரெண்டு பெட்டரியையும் இடம் மாத்திப் போட்டாச் சரியாகுமா?

ஒட்டோ எலக்ட்ரிக் (ஹட்டன்):
28.2ன்னா ஒல்டனேட்டர் தன் வேலையச் செய்யுது. அதுக்குத் தெரியிறது மொத்தக் கணக்கு மட்டுந்தான், யாருக்கு எவ்வளவு பங்குன்னு தெரியாது. நெகட்டிவ் செஸிக்கு (லொறியோட இரும்புச் சட்டத்துக்கு) போற பெட்டரி செட்டுக்கும் குடுத்துக் குடுத்து எப்பவும் குறையாவே நிக்கும், தகட்டுல வெள்ளையா சல்பேட் படியும். மிச்ச வோல்டேஜ் எல்லாம் நிறைஞ்சிருக்குற பெட்டரி மேல ஏறும். 15.1ல அது கொதிக்குது, அதான் தண்ணி. சனி பின்னேரம் 6 மணியில இருந்து திங்க காலை 6 வரைக்கும் 36 மணித்தியாலம், 0.4 ஆம்பியர், மொத்தம் 14.4 ஏ.எச். ஏற்கனவே அரைவயித்துல இருக்குற பெட்டரிக்கு அது போதும்.

செட்டு அதே இடத்துல இழுத்துக்கிட்டே இருக்கும், அதால பெட்டரிய இடம் மாத்தினா ரெண்டும் சேந்து சாகும். செட்ட மேல் பெட்டரிக்கு (செஸியில சேராத மத்ததுக்கு) மாத்துற வேலையும் வேணாம். அப்ப செட்டோட நெகட்டிவ் நடு வயருக்குப் போகும், ஏரியலோ செட்டோட வெளிக்கூடோ செஸியில பட்டா அந்த இடத்துலயே ஷோர்ட், வயர் எரியும்.

24க்கு 12 கன்வேர்ட்டர் 10 ஆம்பியர்ல ஒன்னு வாங்குங்க. உள்ள போற வயர ரெண்டு பெட்டரிக்கும் சேத்து, மொத்த 24ல இருந்து எடுங்க, பெட்டரி பக்கத்துலயே 10 ஆம்பியர் ஃபியூஸ். நடுவுல ஒரு 24 வோல்ட் ரிலே (கரண்ட்ல வேலை செய்யிற சுவிட்ச்) வச்சு, சாவி போட்டா மட்டும் ஓட விடுங்க. சாவி எடுத்தா செட்டு ஸ்டேஷன மறந்துடும், மறந்துட்டுப் போகட்டும்.

பிறகு நெகட்டிவ முதல்ல கழட்டி, ரெண்டையும் இறக்கித் தனித்தனியா 12 வோல்ட் சார்ஜர்ல 7 ஆம்பியருக்கு மேல போகாம ஏத்துங்க. ஹைட்ரோமீட்டர்ல (அசிட்டோட அடர்த்தி பாக்குற கருவி) எல்லா செல்லும் 1.265 கிட்ட வரணும். ஒரு செல்லு மத்ததவிட 0.050 குறைஞ்சா அந்தப் பெட்டரி முடிஞ்சுது. அப்ப வாங்குறதா இருந்தா ஜோடியா வாங்குங்க, ஒரே பிராண்ட், ஒரே ஏ.எச். பழசோட புதுச சேத்தா இதே கதை மெதுவா நடக்கும்.

மூடுபனி (நுவரெலியா):
வயரிங் பத்திச் சொன்னது சரி. ஆனா உருட்டி ஸ்டார்ட் எடுக்குறத யாரும் கண்டுக்கல. உங்க ஒல்டனேட்டர் பின்னால வெக்குவம் பம்ப் (காத்த உறிஞ்சி பிரேக்குக்குப் பலம் குடுக்குறது) இருக்கா? இருந்தா, இன்ஜின் ஓடாம பிரேக்குக்கு வெக்குவம் வராது. டேங்க்ல மிச்சம் இருக்குறது ரெண்டு மூனு மிதிக்குத்தான், அதுக்குப் பிறகு பெடல் கல்லு மாதிரி. கொழுந்து ஏத்தின லொறிய நம்ம வளைவுல அப்படி விடலாமா?

அங்கேயே இன்னொன்னும் பாருங்க. அந்தப் பம்ப் சீல் தேஞ்சா இன்ஜின் ஒயில் ஒல்டனேட்டருக்குள்ள இறங்கி, உள்ள கரண்ட் கடத்துற பிரஷ்ஷும் ஸ்லிப் ரிங்கும் கறுப்புக் களியாகும். சார்ஜ் வரும், போகும். பின்பக்கத்தத் துடைச்சு, ஒரு நாள் ஓடிட்டு வந்து விரலால தொட்டுப் பாருங்க. ஒயில் இருந்தா சீல மாத்தாம பிரஷ் மட்டும் மாத்துறதுல பிரயோசனம் இல்ல.

கொழுந்து லொறி (தலவாக்கலை):
பம்ப் இருக்கு, ஒயில் இல்ல, காஞ்சு கிடக்கு. கன்வேர்ட்டர் வர்ற வரைக்கும் செட்டு?

ஒட்டோ எலக்ட்ரிக் (ஹட்டன்):
நடு வயர்ல இருக்குறத எல்லாம் கழட்டி, முனைக்கு டேப் சுத்தி வைங்க. டேர்மினல்ல பச்சையாப் பூத்திருந்தா அப்பச்சோடா கரைச்சுக் கழுவுங்க, செல்லுக்குள்ள சொட்டு போகக் கூடாது, மூடி இறுக்கமா இருக்கட்டும். சார்ஜ் ஏத்திப் பூட்டி, ஒரு கிழமை ஓடிட்டு ரெண்டையும் திரும்ப அளந்து போடுங்க. வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா அந்தப் பழைய ஜோடியே இன்னும் ஓடும்.