நாலு கிலோமீட்டர் ஐஸுக்குக் கீழே

(திருகோணமலை வீட்டார் குழு, ஞாயிறு இரவு)

பெரிய மாமா: அண்டார்டிகாவில் ஐஸுக்கு அடியில் ஏரியாம். பிளேனில் போய்க் கண்டுபிடித்தார்களாம். யார் இந்தக் கதையெல்லாம் கட்டுகிறார்கள்?

நான்: மாமா, இது உண்மை. நேற்று நீங்கள் அனுப்பிய வெந்தயத் தண்ணீர்ச் செய்திதான் பொய்.

சின்னம்மா: 😂😂

பெரிய மாமா: மேலே பறக்கிறவனுக்கு அடியில் இருக்கிற தண்ணீர் எப்படித் தெரியும் பிள்ளை?

நான்: உங்கள் போட்டில் பிஷ் பைண்டர் இருக்கிறதுதானே? அது சத்தத்தை அடிக்கு அனுப்பி, திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். பிளேன் அதையே ரேடியோ அலையால் செய்கிறது. கடல் தண்ணீருக்குள் ரேடியோ அலை உடனே செத்துவிடும். கடுங்குளிர் ஐஸுக்குள் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

பெரிய மாமா: சரி, அடியில் தட்டுப்படுவது பாறையா தண்ணீரா?

நான்: பாறை கரடுமுரடு. அதில் பட்டது சிதறி மங்கலாக வரும். ஏரி என்றால் மட்டமாக, பளிச்சென்று ஒரு கோடு. 1960களின் கடைசியில் தொடங்கி 70கள் முழுக்க கேம்பிரிட்ஜ் ஸ்காட் துருவ ஆய்வு நிலையம், அமெரிக்கர், டென்மார்க் பொறியாளர்கள் சேர்ந்து வயல் உழுகிற மாதிரி அங்கே பறந்து பறந்து அளந்தார்கள். 2022இல் வந்த பட்டியலில் அண்டார்டிகாவில் மட்டும் 675 ஏரி.

சின்னம்மா: அந்தக் குளிரில் ஏன் உறையவில்லை?

அம்மம்மா (வாய்ஸ்): கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரி அடியில் சூடோ பிள்ளை?

நான்: சூடு கீழே இருந்துதான் அம்மம்மா, ஆனால் கொதிக்காது. வொஸ்டோக் என்ற இடத்தில் 1983இல் வெளியே மைனஸ் 89.2 பாகை பதிவானது. அதன் கீழே கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர் நீளமான ஏரி! நிலத்துக்குள் இருந்து கசிகிற சூட்டை ஐஸே கம்பளி மாதிரிப் போர்த்தி வைத்திருக்கிறது. ஐஸின் பாரம் அமுக்குவதால் மைனஸ் மூன்று பாகை அளவிலும் அந்தத் தண்ணீர் உறையாது.

அம்மா: கம்பளி ஐஸிலா! நல்ல கதை.

தம்பி: அக்கா, போய்த் தொட்டுப் பார்த்தவர்கள் இல்லையா?

நான்: 2012 பெப்ரவரியில் ரஷ்யர்கள் 3,769 மீட்டர் துளைத்து வொஸ்டோக் ஏரியைத் தொட்டார்கள். அடுத்த வருடம் விலன்ஸ் என்ற ஏரியில் அமெரிக்கர்கள் 800 மீட்டர் துளைத்தார்கள். வெயிலே படாத அந்தத் தண்ணீரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தன.

பெரிய மாமா: நுண்ணுயிரை விடு. தண்ணீர் எத்தனை பாகம் ஆழம்?

நான்: பிளேனின் ரேடியோ அலை ஏரியின் மேற்பரப்போடு நின்றுவிடும் மாமா. ஆழம் பார்க்க ஐஸ் மேலே வெடி வைத்து, சத்தம் அடித்தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிய வேண்டும். வொஸ்டோக்கில் அப்படித்தான் பார்த்தார்கள். சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல்.

பெரிய மாமா: வெடியா? இங்கே டைனமைட் போட்டால் நேவி பிடிக்கும்!

தம்பி: அங்கே பெங்குவின்தான் நேவி 🐧

சின்னம்மா: தம்பி, அந்த ஐஸ் மேட்டில் பெங்குவின் கிடையாது, கரையோரத்தில்தான்.

பெரிய மாமா: ஆக, பிளேன் ஓட்டிப் பார்த்தும் கடைசி ஆழத்துக்குச் சத்தம்தான் வேண்டியிருந்தது. என்னுடைய பிஷ் பைண்டர் வேலை!

நான்: ஓம் மாமா, உங்களிடமே கேட்டிருக்கலாம்.

அம்மா: நாளைக்குப் பாரை கிடைத்தால் ஒன்று எடுத்து வையுங்கோ அண்ணா.

(பெரிய மாமா வெந்தயத் தண்ணீர்ச் செய்தியை நீக்கினார்)