அடையாள அட்டைப் பிரதி வெளியே போய்விட்டால் என்ன செய்வது?

கேள்வி: இலங்கையில் ஹட்டனுக்கு அருகே தோட்டத்தில் வசிக்கும் என் அம்மா, நுண்கடன் குழுவொன்றில் சேர்வதற்காகத் தேசிய அடையாள அட்டையின் இருபக்கப் பிரதியைக் கொடுத்திருந்தார். பின்னர் கடன் வேண்டாமென்று விலகிப் பிரதியைக் கேட்டபோது, அது காணாமற் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அதை வைத்து வேறு யாராவது அவர் பெயரில் கடனோ சிம் அட்டையோ பெற்றுவிட முடியுமா?

பதில் 1: முயன்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், தம்பி. அம்மாவின் பெயரில் கடன் ஏதும் உள்ளதா என்பதை, கிரிப் எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை அவரே கேட்டுப் பெற்றுப் பார்க்கலாம். ஆனால் தோட்டங்களுக்கு வந்து கடன் கொடுப்போர் எல்லாருடைய கணக்கும் அதில் இருக்குமென்று நம்பிவிட வேண்டாம். சிம் விடயத்தைத் தொலைபேசி நிறுவனங்களின் சேவை நிலையங்களில் விசாரியுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் 2: இனிமேல் பிரதி கொடுக்கும்போது, யாருக்கு, எதற்காக, எந்தத் திகதியில் என்பதை, பிரதியில் தெரியும் அட்டைப் படத்தின் ஓரத்தைத் தொட்டபடி குறுக்கே பேனையால் எழுதிவிடுங்கள், வெற்று ஓரத்தில் எழுதினால் மறைத்துவிட்டு மறுபடி பிரதியெடுப்பார்கள். அடையாள அட்டையின் புதிய 12 இலக்க எண்ணின் முதல் 4 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த 3 அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும்). ஆகவே பிறந்த திகதியை வங்கி அட்டையின் இரகசிய இலக்கமாக வைத்திருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. அம்மாவின் இரகசிய இலக்கம் பிறந்த ஆண்டேதான்; நாளை வங்கிக்குப் போகிறோம்.