புதுப்பிப்பு: எழுத்தாளர் வருகிறார்!

எங்கள் அரசு நடுநிலைப் பள்ளிக்குச் சிறார் எழுத்தாளர் ஒருவரை அழைத்தும் பதிலே இல்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நல்ல செய்தி: வரும் வியாழக்கிழமை காலை வருகிறார்!

முதல் கடிதத்தில் 'தங்கள் வருகையை எதிர்நோக்கி' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. தேதி, பயணச் செலவு, எத்தனை பிள்ளைகள், எதுவும் சொல்லவில்லை.

உங்களில் ஒருவர் தந்த யோசனைதான் கைகொடுத்தது. மாவட்டப் புத்தகத் திருவிழாவில் மாலை மேடையில் பேச வருபவர்களுக்குக் காலைப்பொழுது பெரும்பாலும் காலிதான். அழைப்பிதழில் அவர் பெயரைப் பார்த்ததும் அந்தக் காலையைக் கேட்டேன். கார் நாங்களே அனுப்புகிறோம், 40 பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம், மதியச் சாப்பாடு என்று விவரமாக எழுதினேன். மதிப்பூதியத்தையும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். எழுத்தாளர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள்.

கூடவே பிள்ளைகளின் கடிதங்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பென்சிலால் ஆட்டுக்குட்டி வரைந்து, "கதையில இதுக்கு ஏன் பேரே வைக்கல?" என்று கேட்டிருந்தாள். மறுநாளே போன் வந்தது. "அந்தப் பிள்ளைக்கு நேர்ல வந்து பதில் சொல்றேன் டீச்சர்."

அப்புறம், நூலகத்தில் அவர் புத்தகம் மூன்றே பிரதிதான். வகுப்பு வகுப்பாகக் கை மாறிக்கொண்டிருக்கிறது.