பீர்ஸ்டாட் வரைந்த ஏரி கலிஃபோர்னியாவிலா, ரோமிலா?

கருங்கல்: "கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர் அன்றைக்கு இப்படித்தான் இருந்தது, இந்த ஓவியமே சாட்சி" என்று அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் பீர்ஸ்டாட்டின் 1868 ஏரிப் படத்தைப் போட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். சாட்சியாம்! அதை அவர் வரைந்தது ரோம் நகரத்து ஸ்டூடியோவில். அப்படி ஒரு ஏரியே கிடையாது.

ஏரிக்கரை: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 1863ல் கலிஃபோர்னியா மலைகளுக்கு நேரில் போய் வரைந்து பழகியவர் அவர். ரோமில் உட்கார்ந்தால் கண்ட மலை மறந்துபோகுமா?

கருங்கல்: ரோம். இத்தாலி. நடுவில் ஒரு அட்லாண்டிக்.

தூரிகை: பெரிய படங்களை ஸ்டூடியோவில் முடிப்பது அந்தக் கால வழக்கம்தானே. 183க்கு 305 செ.மீ. துணியைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டா மலையேறுவார்கள்? படத்தை முதலில் பாருங்கள் ஐயா. கரையில் மான்கள், தண்ணீரில் வாத்துகள், மேகம் விலகிய இடத்தில் பாறைமேல் இறங்குகிற வெயில். அந்த வெயிலுக்காகவே அரைமணி நேரம் நின்று பார்க்கலாம்.

கருங்கல்: அந்த வெயில்தான் பித்தலாட்டம். முதலில் காட்சிக்கு வைத்தது எங்கே? பெர்லின், லண்டன். சியராவைக் கண்ணால் பார்க்காத கூட்டத்துக்கு முன்னால். யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

ஏரிக்கரை: அவருடைய இன்னொரு படம் 'ராக்கி மலைகள், லேண்டர் சிகரம்' 1865ல் 25,000 டாலருக்குப் போனது. ஒருத்தன் சம்பாதித்தால் உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

கருங்கல்: நல்லவேளை, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தச் சிகரத்தையும் இழுத்து உயர்த்தித்தான் வரைந்தார். 1859ல் அமெரிக்க மேற்குப் பகுதிக்குத் தன்னை அழைத்துப்போன பயணக்குழுத் தலைவர் லேண்டர் 1862ல் இறந்ததும் மலைக்கு அவர் பெயரையே வைத்தார். நன்றிக்கடன் சரி, அளவு சரியா?

வழிப்போக்கன்: ஆங்கில ஓவியர் டர்னரைப் பற்றிய இழையிலும் இதே கூத்துதான். கருங்கல் ஒரு வார்த்தையைப் பிடித்தால் விடமாட்டார். அங்கே 'மூடுபனி', இங்கே 'ரோம்'.

கருங்கல்: டர்னர் இழையில் பதில் சொல்ல முடியாமல் ஓடியவர் நீங்கள்தானே? முதலில் அங்கே போய் முடியுங்கள்.

வழிப்போக்கன்: நான் ஓடவில்லை, மட்டுறுத்துநர் இழையைப் பூட்டினார். யாரால் என்று ஊருக்கே தெரியும்.

தூரிகை: படத்தைப் பற்றிப் பேசலாமா? மூலம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்துவிட்டுப் பித்தலாட்டம் என்பது அநியாயம்.

கருங்கல்: ஆளுயரத்துக்குப் பார்த்தாலும் வரைந்தது ரோமில்தான்.

ஏரிக்கரை: மான் ரோமில் மேய்ந்ததா?

கருங்கல்: அதைத்தான் நானும் கேட்கிறேன்.