இசை விழா கேம்பிங்: குளிர்ச்சியைச் சுமக்காதீர்கள் (பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

போன செப்டம்பரில் லீட்ஸ் வந்து சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணா, ஆபீஸ் நண்பர்களோட கிளாஸ்டன்பரி டிக்கெட் கிடைச்சிருச்சு. புதன்ல இருந்து திங்கள் வரைக்கும் கூடாரம்தான். குடிக்க என்ன எடுத்துட்டுப் போறது? பெரிய ஐஸ் பெட்டி ஒண்ணு வாங்கிடலாமா?”

வாங்காதீர்கள் தம்பி. இதைப் படித்து முடிக்கும் வரையாவது வாங்காதீர்கள்.

முதலில் கிளாஸ்டன்பரி இசை விழா நடக்கும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட்டில் பில்டன் கிராமத்தை ஒட்டி வொர்த்தி ஃபார்ம் என்று ஒரு பால் பண்ணை. 1970-இல் ஒரு பவுண்டு டிக்கெட், பண்ணைப் பால் இலவசம் என்று ஆரம்பித்தார்கள். இன்று இரண்டு லட்சம் பேர் கூடுகிறார்கள். சித்திரைத் திருவிழா பார்த்தவர்களுக்குக் கூட்டம் ஒன்றும் மலைப்பாக இருக்காது. தூரம்தான் மலைப்பு. காரை நிறுத்திய இடத்திலிருந்து கூடாரம் அடிக்கும் இடத்துக்கு முக்கால் மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நடக்க வேண்டியிருக்கும். 2016 மாதிரி மழை பிடித்துக்கொண்டால் அந்த நடை முழுக்கச் சேற்றில்தான். தள்ளுவண்டி இருக்கிறதே என்பீர்கள். சேற்றில் வண்டியை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். 440 மில்லி கேன் 24 என்றாலே கிட்டத்தட்ட 11 கிலோ. கெட்டியான ஐஸ் பெட்டி காலியாகவே மூன்று நான்கு கிலோ. அதற்குள் போடும் ஐஸ் இன்னொரு நான்கு கிலோ. கூடாரம், படுக்கைப் பை, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் இனிமேல்தான். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெட்டியைத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கேன்கள் மிதக்கும். இவ்வளவு பாடு அதற்குத்தான்.

அதனால் என் கட்சி இதுதான். குளிராவிட்டாலும் வாயில் வைக்க முடிகிற பானமாகப் பார்த்து எடுங்கள். தண்ணீரை அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஐஸ் கொண்டுபோய் முதல் ஒன்றரை நாளை ராஜா மாதிரி கழியுங்கள். மிச்ச நாட்களுக்கு ஈரத்துணி போதும்.

தண்ணீர்க் கவலை வேண்டாம். மைதானம் முழுக்க இலவசக் குழாய்கள் உண்டு, குடிநீர்தான். 2019 முதல் அங்கே ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விற்பதில்லை. ஆகவே ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கட்டாயம். இன்னொன்று, இங்கே மதுக்கடையில் போய்ச் சும்மா தண்ணீர் கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். கூச்சப்படாதீர்கள். இங்கிலாந்தில் உரிமம் பெற்ற பார்களில் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். “டாப் வாட்டர் ப்ளீஸ்” என்றால் போதும்.

தண்ணீர் அங்கே இருக்கிறது என்றால் நாம் எடுத்துப் போக வேண்டியது தண்ணீர் கலந்து குடிக்கிற கெட்டிச் சாறு மட்டும்தான். இந்த ஊர்க்காரர்கள் ஸ்குவாஷ் என்பார்கள். ராபின்சன்ஸ், விம்டோ என்று சூப்பர் மார்க்கெட்டில் ஒரு அலமாரியே இருக்கும். (வளைகுடாவில் இருந்து வந்தவர்களுக்கு விம்டோ தெரியும், நோன்பு மாதத்தில் அது இல்லாத வீடு குறைவு. அது 1908-இல் மான்செஸ்டரில் பிறந்தது என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.) டபுள் ஸ்ட்ரென்த் ஒரு லிட்டர் வாங்கினால் சுமார் பத்து லிட்டர் கலக்கலாம். பத்து கிலோ சுமை ஒரு கிலோவாகிவிடுகிறது.

எனக்கு ஸ்குவாஷைவிட நன்னாரி சர்பத். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி பக்கம் நம் கடைகளில் கிடைக்கும். எலுமிச்சை இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு, குழாய்த் தண்ணீர். குளிராவிட்டாலும் தொண்டையில் குளிர்ச்சி மாதிரி ஒன்று தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. முதன்முதலில் ஒரு விழாவுக்குப் போனபோது சர்பத்தைக் கடையில் வாங்கிய கண்ணாடி பாட்டிலோடு எடுத்துப் போனேன். கண்ணாடிக்கு அனுமதி இல்லை என்று டிக்கெட்டோடு வந்த தாளில் இருந்தது, நான் படிக்கவில்லை. வாசலில் பையைப் பார்த்த பெண் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “மேப்பிள் சிரப்பா?” என்று கேட்டார். இல்லை, ஒரு வேர் என்றேன். வேறு எதிலாவது ஊற்றிக்கொள்ளுங்கள் என்று பொறுமையாக ஓரமாக நிற்கவும் விட்டார். கையில் இருந்தது ஒரே ஒரு ஃபிளாஸ்க், அதில் காபி. காபியை அங்கேயே நின்று மடக்மடக்கென்று குடித்துவிட்டு, அலசாத ஃபிளாஸ்கில் சர்பத்தை ஊற்றினேன். நான்கு நாள் காபி மணத்தோடு நன்னாரி குடித்தவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சரி, அடுத்து இங்கே பெயரைப் பார்த்து ஏமாறும் பானங்கள். சைடர் என்றால் ஆப்பிள் ஜூஸ் இல்லை. பிரிட்டனில் சைடர் என்றால் மது. பெரும்பாலும் 4.5 முதல் 6 சதவீதம், பண்ணைகளில் செய்வது அதற்கு மேலும் போகும். இனிப்பாக இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் கால் சொல்லும். சாமர்செட்தான் சைடருக்குத் தாய்வீடு என்பதால் விழாவில் எங்கு திரும்பினாலும் அதுதான். மது தொடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். லெமனேட் என்று கேட்டால் எலுமிச்சைச் சாறு வராது, நிறமில்லாத சோடாதான் வரும். ஜிஞ்சர் பியர் பெரும்பாலும் மது இல்லாததுதான், ஆனால் மது கலந்ததும் அதே பெயரில் வரும். கேனைத் திருப்பிச் சதவீதத்தைப் பார்த்துவிடுங்கள்.

மது குடிப்பவர்கள் கேட்டார்கள் என்பதற்காக இதையும் சொல்கிறேன். சொந்த உபயோகத்துக்குக் கிளாஸ்டன்பரியில் எடுத்துப் போக விடுவார்கள். மற்ற விழாக்களில் அளவு வைத்திருக்கலாம், விதிகளைப் படித்துவிடுங்கள். (என்னைப் பார்த்தாவது படியுங்கள்.) லாகர் பியர் சூடானால் வாயில் வைக்க முடியாது. ஆனால் இந்த ஊர் ஏல், பிட்டர் பியர் வகைகளை நிலவறைக் குளிர்ச்சியில், அதாவது 11 முதல் 13 டிகிரியில் குடிப்பதுதான் இவர்களுடைய வழக்கமே. ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தால் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். சிவப்பு ஒயினும் ரம்மும் ஐஸை எதிர்பார்ப்பதே இல்லை. ஒயினை அட்டைப்பெட்டியில் வாங்கி, அட்டையைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே இருக்கும் பையை மட்டும் எடுத்துப் போங்கள். 2.25 லிட்டர், கண்ணாடி கிடையாது, தலையணைக்கும் ஆகும். ஆனால் ஒரு பை 13 சதவீத ஒயின் என்றால் 29 யூனிட் (இங்கே மதுவை அளக்கும் கணக்கு, ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). வாரத்துக்கு 14-ஐத் தாண்டாதீர்கள் என்கிறது இங்குள்ள சுகாதாரத் துறை. ஒரு பை நான்கு பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஐஸ். கட்டி கட்டியாக மூட்டை ஐஸ் வாங்கிக் கொட்டாதீர்கள். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் முன்பே ஃப்ரீசரில் போடுங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் ஊதும், அதனால் கழுத்து வரை நிரப்பக் கூடாது. ஒரே பெரிய கட்டி மெதுவாக உருகும். உருகினால் குடிக்கத் தண்ணீர். சப்பாத்திப் பொட்டலம் நனையாது. சோடா, பியர் கேன்களை மட்டும் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், வெடித்தால் துடைத்து மாளாது.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கிற வெப்பம், நான்கு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 5 டிகிரிக்கு இறக்கத்தான் போதும். அதாவது கடையில் வாங்கிய சூடான கேன்களை நேராகப் பெட்டியில் போட்டால் வாசலைத் தாண்டும் முன்பே ஐஸ் பாதி போய்விடும். எல்லாவற்றையும் முந்தின இரவே வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர வையுங்கள். பெட்டிக்குள்ளும் ஒரு ஐஸ் பாட்டிலை இரவே வைத்துவிடுங்கள். பெட்டி என்று நான் சொல்வது தோளில் மாட்டும் துணி வகை, பத்துப் பன்னிரண்டு லிட்டர் போதும். இடைவெளியில் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். அடிக்கடி திறக்கிற ஆளை நண்பர் பட்டியலில் இருந்தே எடுத்துவிடலாம்.

கூடாரத்துக்குள் வைத்தால் நிழல்தானே என்று நினைப்பீர்கள். ஜூன் கடைசியில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். எட்டு மணிக்கு அந்த நைலான் கூடாரம் இட்லிப் பானை. வெளியே, கூடாரத்தின் வடக்குப் பக்கம் தரையில் வையுங்கள். மேலே நனைத்துப் பிழிந்த பழைய வேட்டி. ஆமாம், வேட்டிதான். மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறதோ அதே வேலைதான் இங்கேயும், ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 25 டிகிரி வெயிலில், காற்றில் ஈரம் பாதி என்றால் துணி 18 டிகிரி வரை இறக்கிவிடும். மழைநாளில் இது வேலை செய்யாது, ஆனால் சாமர்செட் மழைநாளில் குளிர்ச்சி வேண்டும் என்று யாரும் அழப்போவதில்லை. பாட்டில் ஒன்றுக்கு மட்டும் என்றால் நனைத்த பருத்திச் சாக்ஸ் போட்டுக் காற்றாடத் தொங்கவிடுங்கள். துவைத்த சாக்ஸ்.

பாட்டிலைப் புதைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அது மாடு மேய்கிற புல்வெளி. நிலம் ஆறட்டும் என்றே சில ஆண்டுகள் விழாவை விட்டுவிடுகிறார்கள், 2018-இல் அப்படித்தான். குழியில் மாட்டின் கால் போனால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

—

பின்னால் வந்த கேள்விகளுக்கு:

“அவசரமா ரெண்டு கேன் மட்டும் குளிரணும்னா?” பாத்திரத்தில் ஐஸ், தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. குல்ஃபிக்காரர் பானையில் செய்கிற அதே வித்தை. கேனை அதில் புரட்டிக்கொண்டே இருந்தால் சில நிமிடத்தில் ஜில்லென்று ஆகிவிடும். ஐஸும் அதே வேகத்தில் தீர்ந்துபோகும், அது உங்கள் முடிவு.

“கழிவறைக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்துட்டேன், தலைவலி வந்துடுச்சு” என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். நிறைய பேர் செய்கிற தப்பு. குடியுங்கள் அம்மா, வரிசை குறைவான காலை ஆறு மணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டயோராலைட் பொட்டலம் நான்கு பையில் இருக்கட்டும், நம் எலக்ட்ரால் மாதிரிதான். கழுவ எடுத்துப் போகும் பாட்டிலில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். இருட்டில் எது எது என்று தெரிய வேண்டும்.

ஹாரோவில் இருந்து ஒரு யாழ்ப்பாணத்து அக்கா: “தம்பி, நெல்லி கிரஷை விட்டுட்டீங்களே. வீட்டிலயே பிளாஸ்டிக் போத்தலுக்கு மாத்திப்போட்டுக் கொண்டு போங்கோ. தயிர் ஒரு டப்பா கொண்டுபோனா முதல் நாள் தயிர், அடுத்த நாள் மோர்.” அக்கா சொன்னால் சரி. மோரை மட்டும் வியாழன் இரவுக்குள் முடித்துவிடுங்கள், ஐஸ் போன பிறகு பால் பொருளை நம்ப முடியாது.

வயதுச் சான்று: 25-க்குக் குறைவாகத் தெரிந்தால் பாரில் கேட்பார்கள், முப்பது வயதுக்காரர்களையும் கேட்பார்கள். விசா இப்போது இணையத்தில் இருப்பதால் பழைய பிஆர்பி அட்டையை (முன்பு கொடுத்த குடியிருப்பு அனுமதி அட்டை) நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டைச் சேற்றுக்குள் கொண்டுபோகவும் எனக்கு மனசு வராது. புரவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள், இணையத்தில் 34 பவுண்டு, பிறகு கார் ஓட்டக் கற்கவும் அதுதான் வேண்டும்.

திங்கள் காலை யார் வண்டி ஓட்டுவது என்பதைப் புதன்கிழமையே பேசிவிடுங்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது இங்கிலாந்து வரம்பு, ஸ்காட்லாந்தில் 50. இந்தியாவில் 30 என்பதால் இங்கே தாராளம் என்று நினைத்து ஞாயிறு நள்ளிரவு வரை குடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்குச் சாவியை எடுக்காதீர்கள். தூங்கி எழுந்தால் இறங்கிவிடாது, ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். மாட்டிக்கொண்டால் லைசென்ஸ் மட்டுமில்லை, அடுத்த விசா விண்ணப்பத்திலும் அதை எழுத வேண்டிவரும். ஓட்டுகிறவருக்கு ஞாயிறு முழுக்க நன்னாரி. இல்லையென்றால் ரயில்தான், காசில் கேரி ஸ்டேஷன் வரை விழாப் பேருந்து போகிறது.